மணியோசை போன வழி

என் பாட்டி திருச்செந்தூருக்கு நடந்துதான் போவாள். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். ரயில் இல்லாமல் அல்ல. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923-ஆம் ஆண்டிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. டிக்கெட் வாங்கக் காசில்லாத குடும்பமும் அல்ல. "ரயில்லே போனா முருகனைப் பார்க்கலாம். வழியிலே இருக்கிறவங்களைப் பார்க்க முடியுமா?" என்று கேட்பாள்.

வழியில் இருக்கிறவர்கள் என்று அவள் சொன்ன பட்டியல் நீளமானது. ஆழ்வார்திருநகரியில் ஒரு சம்பந்தி வீடு. தென்திருப்பேரையில் தண்ணீர்ப் பந்தல் வைத்து மோர் ஊற்றும் ஒரு கிழவர். குரும்பூரில் கருப்பட்டி விற்கும் சிநேகிதி. அதற்குப் பிறகு, தென்கால் கரையோரத்தில் நின்ற ஒரு சுமைதாங்கிக் கல். அந்தக் கல்லை அவள் "எங்க அக்கா" என்று சொல்லுவாள். சிறு பையனாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த எனக்கு அது விளங்கவில்லை. கல் எப்படி அக்காவாகும்? கேட்டால் பதில் வராது. தலைச் சுமையை இறக்கிக் கல்லின்மேல் வைத்துவிட்டு, முந்தானையால் அதன் மேலிருக்கும் தூசியைத் துடைப்பாள். அவ்வளவுதான்.

அந்த நடையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. வழியோரத்தில் இடிந்துபோன ஒரு கல் மண்டபம் உண்டு. அதில் உட்கார்ந்துதான் கட்டுச்சோற்றை அவிழ்ப்போம். "இதிலேதான் கட்டபொம்மு ராசா மணி கட்டியிருந்தார்" என்று பாட்டி சொல்லுவாள். திருச்செந்தூரில் உச்சிக்கால பூஜை முடிந்ததும் கோயில் மணி அடிக்கும். அதைக் கேட்டு முதல் மண்டபத்துக்காரன் தன் மணியை அடிப்பான். அதைக் கேட்டு அடுத்தவன். இப்படியே ஓசை கைமாறிக் கைமாறிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கட்டபொம்மன் இலையில் உட்காருவாராம்.

இந்தக் கதையைத் தெற்கத்திச் சீமையில் கேட்காதவர்கள் இருக்க முடியாது. சரித்திர ஆசிரியர்கள் சாசனம் எங்கே, கணக்கு எங்கே என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். நான் வேறொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்செந்தூருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நேர்கோடு இழுத்தாலே சுமார் 45 கிலோமீட்டர். காற்று அடங்கிய வேளையில் பெரிய மணியின் ஓசை இரண்டு கிலோமீட்டர் கேட்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், இருபதுக்கு மேற்பட்ட மண்டபங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள், அவனுக்குச் சோறு, அவன் குடிக்கத் தண்ணீர், அவன் தூங்கிவிட்டால் எழுப்ப இன்னொருவன்! ஓர் அரசன் சாப்பிடுவதற்கு இவ்வளவு ஏற்பாடா என்று சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். இருபது மண்டபம் வரிசையாக இருந்தால் இருபது இடத்தில் நிழல் உண்டு, ஆள் உண்டு, தண்ணீர் உண்டு. ராஜாவுக்கு மணி கேட்டதோ இல்லையோ, வழிப்போக்கனுக்கு வழி கிடைத்துவிட்டது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையைப் பிறகு தரைமட்டமாக்கினார்கள். மண்டபங்களை யாரும் இடிக்கவில்லை. அவை தாமாகவே விழுந்தன.

அதற்கும் நூறு வருஷம் முந்திப் போனால் ராணி மங்கம்மாள் வருகிறாள். சொக்கநாத நாயக்கரின் மனைவி. பேரன் விஜயரங்க சொக்கநாதன் குழந்தையாக இருந்ததால் 1689 முதல் 1706 வரை திருச்சிராப்பள்ளியில் இருந்து நாட்டை நடத்தினவள். ஒரு நாள் கவனப் பிசகாக இடது கையால் வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டாளாம். அந்தத் தோஷம் தீரத்தான் சாலையும் சத்திரமும் கட்டினாள் என்று கதை. வெற்றிலைக்கு இவ்வளவு பெரிய பிராயச்சித்தம் உண்டானால், நம் மந்திரிமார்கள் எல்லாரும் இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டால் நல்லது என்று எனக்குத் தோன்றியதுண்டு. தோஷம் கிடக்கட்டும். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் பழைய சாலைக்கு இன்றும் மங்கம்மாள் சாலை என்றுதான் பெயர். நெல்லைப் பக்கத்தில் இரண்டு வரிசை ஆலமரமும் புளியமரமும் நிற்கும் எந்தப் பழைய வழியைக் காட்டிக் கேட்டாலும், "மங்கம்மா சாலை" என்றே பதில் வரும். எல்லாம் அவள் போட்டதாக இருக்க முடியாது. ஆனால் நல்ல காரியம் செய்தவர்கள் கணக்கில் மற்றவர்கள் செய்ததையும் சேர்த்து எழுதுவது ஜனங்களின் வழக்கம்.

இனிக் கடற்கரைக்குப் போவோம். முத்துக்குளித்துறையின் கதையே ஒரு வழியின் கதைதான். கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய கடல் வழிக் குறிப்பில் கொற்கை வருகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளிக்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். அப்போது கொற்கை கடல்துறை. இன்றைக்குக் கொற்கைக்குப் போனால் வாழைத் தோட்டமும் வயலும்தான் தெரியும். கடலைப் பார்க்க இன்னும் நான்கு மைல் கிழக்கே நடக்க வேண்டும். தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகியது. கொற்கைக்குப் பின் காயல். மார்கோ போலோ பார்த்து வியந்த, அரேபியக் குதிரைகள் வந்திறங்கிய காயல். அதுவும் உள்ளே போய்ப் 'பழையகாயல்' ஆனது. பிறகு முகத்துவாரத்தில் புன்னைக்காயல். கடைசியில் தூத்துக்குடி. கடல் விலகிப் போகப் போகப் பட்டினங்கள் அதைத் துரத்திக்கொண்டே ஓடியிருக்கின்றன. அந்த ஓட்டத்தின் காலடித் தடந்தான், கொற்கையிலிருந்து மணப்பாடு வரை கரையோரமாகப் போகும் பழைய பாதை.

அந்தப் பாதையில் நடந்தவர்களில் ஒருவரைப் பற்றி நிச்சயமாகச் சொல்லலாம். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தார். 1544-இல் அவர் எழுதிய கடிதங்களை அடுக்கிப் பார்த்தால், ஒன்று மணப்பாட்டிலிருந்து, ஒன்று புன்னைக்காயலிலிருந்து, ஒன்று ஆலந்தலையிலிருந்து, ஒன்று வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து. மனிதர் ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்த வருஷம் ஜூன் மாதம் வடக்கிலிருந்து வந்த படை கரையோர ஊர்களைச் சூறையாடியது. பரவர்கள் குமரிமுனைப் பக்கம் ஓடிக் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஒண்டிக்கொண்டார்கள். சோறும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. சவேரியார் இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஆனி மாதக் காற்று எதிர்த்து அடித்தது. எட்டு நாள் கடலோடு போராடியும் தோணிகள் போய்ச் சேரவில்லை. கடைசியில் கரையில் இறங்கி நடந்தே போனார். கடல் வழி அடைபட்டபோது கால் வழி திறந்திருந்தது. மதத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் இதில் மகிமையைப் பார்க்கலாம். நான் அந்த மணல் பாதையைப் பார்க்கிறேன்.

முத்துச் சலாபம் நடந்த காலங்களில் இந்தப் பாதைக்கு இன்னொரு வாழ்வு வந்துவிடும். சலாபம் வருஷந்தோறும் நடப்பதல்ல. பாரில் சிப்பி முற்ற நாலைந்து வருஷம் ஆகும். சில சமயம் முப்பது வருஷம் காத்திருந்தும் சிப்பி இராது. சிப்பி கண்டுவிட்டது என்று தமுக்கு அடித்துவிட்டால், ஒன்றுமில்லாத மணற்பரப்பில் ஒரு மாதத்துக்குள் ஓர் ஊர் முளைக்கும். ஓலைக் கொட்டகைகள், கீழக்கரை காயல்பட்டினத்து வியாபாரிகள், வட்டிக்காரர்கள், சாராயம் விற்பவர்கள், சுறாமீனின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் கடல்கட்டி மந்திரவாதி, அவனை நம்பிக் கல்லில் காலை மாட்டி ஆழத்தில் இறங்கும் குளியாட்கள். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது பழமொழி மாதிரிப் புழங்கும் பேச்சு. தங்கை தாலி அறுக்கக் கூடாது என்ற கவலை அவனுக்குத்தானே இருக்கும்! ஆங்கிலேயர் நடத்திய சலாபங்களில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மிச்சம்தான் உயிரைக் கொடுத்தவனுக்கு. சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிட்டு, பிறகு கழுவித்தான் முத்தை எடுப்பார்கள். சலாபத்துக்கு எப்படிப் போவது என்று வழி கேட்கவே வேண்டியதில்லை. மூக்கு காட்டிய திசையில் நடந்தால் போதும்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-இல். அதற்குப் பிறகு இன்றுவரை நடக்கவில்லை. 1973-இல் அதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள் நம் விஞ்ஞானிகள். அது பெரிய வெற்றிதான். ஆனால் அதற்காக மணலில் ஓர் ஊர் முளைக்கவில்லை. யாரும் கால்நடையாக வரவும் இல்லை.

திருச்செந்தூரைத் தாண்டித் தென்மேற்கே திரும்பினால் தேரி. செம்மண்ணா, செம்மணலா என்று சொல்ல முடியாத ஒரு ரத்தச் சிவப்பு. குதிரைமொழித் தேரி மட்டும் சுமார் 12,000 ஏக்கர் என்கிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆனி ஆடிக் காற்று இந்த மணலை அள்ளி அள்ளிக் கிழக்கே கொண்டுபோய்ப் போடும். மேடு இருந்த இடத்தில் பள்ளம். பள்ளம் இருந்த இடத்தில் மேடு. இந்த நகரும் மணலைப் பற்றிக் கால்டுவெல் தம்முடைய 1881-ஆம் வருஷத்துத் திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். தேரியின் ஓரத்து இடையன்குடியில் குடியிருந்தவர் அவர். அவருக்குத் தெரியாத மணலா?

நான் போன வருஷம் அந்தத் தேரியில் ஒரு பனையேறிப் பெரியவரைப் பார்த்தேன். "பெரியவரே, ஐயனார் கோயிலுக்கு வழி எது?" என்று கேட்டேன்.

"வழியா? மணல்லே ஏதுய்யா வழி? அது வருசா வருசம் நடக்கும்லா. நாம அதுக்குப் பின்னாலே நடக்கணும்."

"அப்படியானால் நீங்கள் எப்படிப் போகிறீர்கள்?"

"பனையைப் பார்த்துப் போவேன். அந்த மொட்டைப் பனை, அப்புறம் ரெட்டைப் பனை, அப்புறம் பச்சையாத் தெரியும் பாருங்க, அதுதான் ஐயனார்."

அவர் சொன்ன பச்சை உண்மையில் ஓர் ஆச்சரியம். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிலில், சிவந்த பாலைக்கு நடுவே சுனை. சுனையைச் சுற்றி மருத மரங்கள். அங்கே மரத்தை வெட்டமாட்டார்கள். சுனை நீரை அசுத்தம் செய்யமாட்டார்கள். சட்டம் ஒன்றும் இல்லை, ஐயனாருக்குப் பயம். தென்பாண்டி நாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களெல்லாம் அவரவர் சாஸ்தாவைத் தேடிக் காட்டுக்கும் குளத்தங்கரைக்கும் தேரிக்கும் வந்து சேருகிறார்கள். வருஷத்தில் ஒரு நாளாவது ஜனங்கள் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதால்தான் அந்தத் தோப்புகள் பிழைத்திருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். காட்டைக் காப்பதற்குக் காவலாளியைவிடக் காலடிகள் நல்லவை.

அரசாங்கம் வேறுவிதமாக நினைத்தது. 1986-இல் ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. 1987-இல் வல்லநாட்டு மலையை வெளிமான்களுக்குச் சரணாலயமாக்கியது. 1989-இல் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அதைக் குறை சொல்லமாட்டேன். தூத்துக்குடியில் பழைய வீட்டுச் சுவர் எதையாவது உரித்துப் பாருங்கள், உள்ளே பவளப் பாறை இருக்கும். சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் வேண்டி வருஷக்கணக்கில் கடலடியை வெட்டி வெட்டி வள்ளங்களில் ஏற்றினோம். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பாறை போனதும் தீவு கரைந்தது. தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லி தண்ணீருக்குள் போய்விட்டது. வான் தீவும் போக இருந்தது. 2015-க்குப் பிறகு அதைச் சுற்றிச் சிமெண்டுக் கட்டிகளை இறக்கிச் செயற்கைப் பாறை அமைத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்திராவிட்டால் மற்றத் தீவுகளின் பெயரையும் இப்போது பழைய வரைபடத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.

என் மனக்குறை வேறு. தீவுக்குப் பூட்டு, மலைக்குப் பூட்டு, தேரியின் ஒரு பகுதிக்குக் காப்புக்காடு என்று பலகை. இவற்றுக்கு இடையே இருக்கும் நிலத்தில் உப்பளத்துக்கு ஒரு வேலி, துறைமுகத்துக்கு ஒரு மதில், அனல் மின் நிலையத்துக்கு ஒரு மதில். குலசேகரன்பட்டினத்துக்கு அருகே ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அதற்கும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். ஒவ்வொன்றும் அவசியமானதாகவே இருக்கட்டும். ஆனால் கொற்கையிலிருந்து மணப்பாட்டுக்குக் கரையோரமாக நடந்து போக ஒரு மனிதனுக்கு இன்று வழி இருக்கிறதா? நெடுஞ்சாலை ஓரமாகப் போகலாம், லாரி இடம் கொடுத்தால்.

வெளிதேசங்களில் இதைத்தான் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் 2012-இல் தங்கள் கடற்கரை முழுவதையும் சுற்றி 870 மைலுக்கு நடைபாதை திறந்தார்கள். இலங்கையில் தேயிலை மலைகளின் பழைய தோட்டப் பாதைகளைக் கோத்து, 300 கிலோமீட்டர் நீளத்துக்கு 'பெக்கோ' வழி என்று ஒன்று அமைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பிரயாணிகள் அதில் நடந்து புகைப்படம் எடுக்கிறார்கள். அந்தப் பாதைகளை வெட்டியவர்கள் யார்? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி ஓடியவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் தட்டப்பாறை முகாமில் அடைபட்டுக் கிடந்து, தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர்கள். அங்கே நம்மவர்கள் வெட்டிய தடத்துக்குக் கைகாட்டி மரம் நட்டுப் பெயர் எழுதியிருக்கிறார்கள். இங்கே அவர்கள் கப்பலேற நடந்து வந்த தடத்துக்குப் பெயரே இல்லை.

வழி என்றால் உல்லாசம் என்று நினைத்தால் 2023 டிசம்பரை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, ஆற்றோரத்து ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு தீவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறக்குறைய 800 பிரயாணிகள். தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. ரேடியோவும் டெலிபோனும் ஓய்ந்துவிட்ட அந்த இரவில், பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து கோயிலில் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்த நேரம் அது. ரயிலில் போனால் வழியில் இருக்கிறவர்களைப் பார்க்க முடியாது என்று பாட்டி சொன்னது அன்றைக்கு ஒரு நாள் மட்டும் பொய்யாயிற்று.

வெள்ளம் வடிந்து ஓராண்டுக்குப் பிறகு அந்தப் பழைய வழியில் மறுபடி நடந்து பார்த்தேன். பாட்டி போய் நெடுங்காலம் ஆகிறது. அவளுடைய அக்காவின் விஷயம் எனக்கு வயது வந்த பிறகு என் தாயார் சொல்லித் தெரிந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தவள், பிரசவத்துக்கு முன்பே இறந்துபோனாள். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்காக ஊர் வழியில் சுமைதாங்கி நாட்டுவது நம் பக்கத்து வழக்கம். பிறர் சுமையை அந்தக் கல் தாங்கத் தாங்க, அவள் சுமை இறங்குமாம். மங்கம்மாளுக்குக் கஜானா இருந்தது, சாலை போட்டாள். கட்டபொம்மனுக்குப் பாளையம் இருந்தது, மண்டபம் கட்டினான். ஒன்றுமில்லாத குடியானவர்கள் செத்துப்போன பெண்ணின் பெயரில் மூன்று கல்லை நிறுத்தி வழிக்குத் தங்கள் பங்கைச் செய்தார்கள்.

மண்டபம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெட்டிக்கடை. சுமைதாங்கியைக் காணவில்லை. பாதையை அகலப்படுத்தியபோது எடுத்துவிட்டார்கள் என்றார் கடைக்காரர். எங்கே போட்டார்கள் என்று கேட்டதற்கு, வாய்க்காலுக்கு அப்பால் இருந்த வாழைத் தோட்டத்தைக் காட்டினார்.

தோட்டத்தில் பம்பு செட் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியடியில் ஓர் அம்மாள் நீளமான கல்லொன்றில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு முனையில் உளி பட்ட சின்னப் பிளவு; சிறு வயதில் அதில் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன். நிமிர்ந்து நின்ற இரண்டு கால்களையும் காணவில்லை. படுக்கைக் கல் மட்டும் மிஞ்சியிருந்தது.

நான் நின்று பார்ப்பதைக் கண்டு அவள் எழுந்தாள். "என்ன அண்ணாச்சி, தண்ணி வேணுமா?"

"இந்தக் கல் எங்கே கிடைத்தது அம்மா?"

"ரோட்டோரம் தள்ளி விட்டிருந்தாவ. எங்க வீட்டுக்காரவுக வண்டியிலே ஏத்திட்டு வந்தாவ. நல்ல கல்லு. எத்தனை அடிச்சாலும் தேயாது." குழாயடியில் செம்பைக் கழுவித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். "எங்கே, திருச்செந்தூருக்கா? ரோட்டுலே போவாதிய, வண்டிப் போக்குவரத்து அதிகம். இந்தக் கால்வாய்க் கரையோடவே போங்க. நாங்க தைப்பூசத்துக்கு இப்படித்தான் போவோம். ஒரு இடத்துலே உடைப்பு இருக்கும், அங்கே பனந்தடி போட்டிருக்கு."

கையிலிருந்த பையைச் சற்று நேரம் அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன். பிறகு கரையேறி நடந்தேன். அவள் சொன்ன இடத்தில் பனந்தடி இருந்தது.